இரண்டாவது வெடி

தகர டப்பாவைத் திறந்தபோது உள்ளே ஒரே ஒரு தோட்டாதான் இருந்தது. தேச்சம்மா அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, டப்பாவின் அடியில் கிடந்த அரிசியை விரலால் கிளறிப் பார்த்தாள். ஈரம் ஏறாமல் இருக்க அரிசி போட்டு வைப்பது அவர் பழக்கம். அரிசி இருந்தது. மூடியின் உட்புறம் ‘எனக்கு – 2’ என்று அவர் எழுதி ஒட்டிய காகிதமும் இருந்தது. இன்னொரு தோட்டாவைத்தான் காணோம்.

பின்னறைக் கட்டிலில் அவள் கணவர் மாச்சய்யா கிடந்தார். காலை ஆறு மணிக்கு விழித்து, “மழை விட்டுச்சா?” என்று கேட்டார். பக்கவாதம் வந்த பிறகு அவர் பேச்சு வாயின் ஒரு ஓரமாகத்தான் வரும். ஏழு மாதமாகக் கேட்டுக் கேட்டு அவளுக்கு மட்டும் அது புரியும். “எங்க விட்டுச்சு? அது ஊத்திட்டேதான் இருக்கு” என்று சொல்லிவிட்டுக் காப்பி போடப் போனாள். நனைந்த விறகு பற்றாமல் புகைந்து, கண்ணெரிந்து, ஊதி ஊதி அவள் காப்பியோடு திரும்பி வருவதற்குள் அவர் போய்விட்டார். அந்த டம்ளர் இன்னும் ஜன்னல் விளிம்பில் ஆடை படிந்து இருக்கிறது. இந்தப் பாழாய்ப்போன விறகு மட்டும் ஒழுங்காக எரிந்திருந்தால் பக்கத்தில் இருந்திருப்பேனே என்று நினைத்து நினைத்து அவளுக்கு மாளவில்லை.

அழுதாள். அவர் கண்களை மூடிவிட்டாள். தலைமாட்டில் விளக்கேற்றி வைத்தாள். அதற்கு மேல் என்ன செய்வது என்று தெரியவில்லை. அவர்கள் ஊரான கோணிமாட்டில் மின்சாரம் போய் நான்கு நாள் ஆகிறது. கைப்பேசிக் கோபுரம் அதற்கு மறுநாளே செத்தது. கனடாவில் மகன் நாணய்யா, பூனாவில் மகள் கங்கா. இருவரிடமும் சொல்ல வழியில்லை. தோட்டத்து ஆட்கள் ஆடியில் வரும் கக்கட மாதத்து மழைக்குப் பயந்து அவரவர் ஊருக்குப் போய்விட்டார்கள். பள்ளத்தில் இருக்கும் பொள்ளவ்வாவின் வீட்டுக்கு நடந்தால் பத்து நிமிஷம்தான். ஆனால் செத்தவரைத் தனியாக விட்டுவிட்டுப் போவதென்பது அந்த ஊரில் யாரும் செய்யாத காரியம். விளக்கையும் உடம்பையும் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் இருக்க வேண்டும். இருப்பதோ அவள் ஒருத்தி.

இந்த மாதிரி நேரத்துக்குத்தானே துப்பாக்கி. வீட்டில் ஆண் குழந்தை பிறந்தால் ஒரு வெடி, ஆள் செத்தால் இரண்டு வெடி. கேட்ட மாத்திரத்தில் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஒருவர் கிளம்பி வருவார்கள். அதிலும் கக்கடத்தில் துப்பாக்கியைப் பூஜை அறையிலிருந்து யாரும் எடுப்பதில்லை. நடவு முடிந்து, கைல்போது பண்டிகையன்று பூவைத்துக் கும்பிட்ட பிறகுதான் வேட்டை, விளையாட்டு எல்லாம். அதனால் இந்த மாதத்தில் வெடி கேட்டால் ஊரே காதைத் தீட்டிக்கொண்டு எண்ணும்.

மாச்சய்யா இதையெல்லாம் முன்கூட்டியே யோசித்து வைத்த ஆள். இருபத்தெட்டு வருஷம் பட்டாளத்தில் தொலைபேசிக் கம்பி இழுத்த சுபேதார். எதற்கும் ஒரு பட்டியல், எதற்கும் ஒரு டப்பா. “இந்த ரெண்டும் எனக்கு. பன்னி வந்து வயலையே உழுதாலும் இதைத் தொடக் கூடாது, தெரிஞ்சுதா?” என்று அவளிடம் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார். “எனக்குன்னு ஒரு டப்பா வைக்கலையா?” என்று அவள் கேட்டால், “நீ எனக்கு அப்புறம்தானே போகப் போறே? அதை நாணய்யா பாத்துக்குவான்” என்பார். சாவில்கூட அவர் முறை தவறமாட்டார். அப்படிப்பட்டவருடைய டப்பாவில் ஒன்று குறைகிறது.

நிமிர்ந்து சுவரைப் பார்த்தபோதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. நாட்காட்டிக்குப் பக்கத்தில் ஆணியில் ஒரு சின்ன வில் தொங்கியது. ஆமணக்குத் தண்டை வளைத்து நூல் கட்டிய வில், காய்ந்து சுருங்கிப் போயிருந்தது. போன அக்டோபரில் நாணய்யாவுக்குப் பையன் பிறந்தான் என்று செய்தி வந்த அன்று அவர் செய்தது. பிறந்த ஆண் பிள்ளையின் கையில் வில்லைக் கொடுக்க வேண்டும், வாசலில் ஒரு வெடி சுட வேண்டும். பிள்ளை கனடாவில் இருக்கிறதே என்றெல்லாம் அவர் பார்க்கவில்லை. வில்லைச் செய்து முடித்துவிட்டு டப்பாவைத் திறந்தார். வேறு தோட்டா வீட்டில் இல்லை.

“அது உங்களுக்குன்னு வச்சதாச்சே” என்றாள் அவள்.

“வாங்கிக்கலாம்.”

“நீங்க சுடுறது கனடாவுக்குக் கேக்குமாக்கும்.”

“கனடாவுக்கு எதுக்குக் கேக்கணும்? ஊருக்குக் கேக்கணும்.” வாசலில் இறங்கி, வானத்தைப் பார்த்துச் சுட்டுவிட்டு, சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார். அன்று சாயங்காலம் பதினோரு பேர் வந்தார்கள். பட்டாளத்துக் கேன்டீன் ரம்மை அளவு பார்க்காமல் அவர் ஊற்றிக்கொடுத்ததை அவள் அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தாள்.

நவம்பரில் பென்ஷனுக்கு உயிர்ச் சான்றிதழ் கொடுக்க விராஜ்பேட்டைக்குப் போனார். பையில் சவரச் சோப்பு, பிளேடு, அவளுக்கு மூட்டு வலித் தைலம் எல்லாம் வந்தன. தோட்டா வரவில்லை. “ஒண்ணு வாங்கியிருக்கலாமே, பட்டியல்ல எழுதலையா?” என்று கேட்டாள். அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே, “இருக்கிற ஒண்ணு போதும்” என்றார். வயசாகிவிட்டது, மறந்துவிட்டு மழுப்புகிறார் என்று அவள் விட்டுவிட்டாள். ஜனவரியில் பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. அப்புறம் தோட்டாவை யார் நினைத்தார்கள்?

இப்போது ஒரு வெடி சுட்டால் ஊர் என்ன நினைக்கும் என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். கங்காவுக்கு இது ஒன்பதாவது மாதம். ஊரில் தெரியாதவர் கிடையாது. தேச்சம்மாவே வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள். ஒரு வெடி என்றால் கங்காவுக்குப் பையன் என்றுதான் அர்த்தம். சுபேதார் மாச்சய்யா செத்த அன்றைக்கு ஊர் பிள்ளை பிறந்த சந்தோஷத்தில் இருக்கும்.

சுடாமல் இருந்தாலோ யாருமே வரப்போவதில்லை. இந்த மழை இன்னும் எத்தனை நாள் பெய்யுமோ, அதுவரை இந்த வீட்டில் அவரும் அவளும் மட்டும். வாழ்த்த வருகிறவர்களிடமாவது அழலாம் என்று தோன்றியது.

பூஜை அறையில் துணி சுற்றி வைத்திருந்த ஒற்றைக்குழல் துப்பாக்கியை எடுத்தாள். அவளுக்குச் சுடத் தெரியும். கல்யாணமான வருஷம் கைல்போதுக்கு மரத்தில் கட்டிய தேங்காயைப் புது மாப்பிள்ளை மூன்று தடவை தவறவிட்ட பிறகு, புதுப்பெண் முதல் குறியிலேயே சிதறடித்தாள். அவர் கோபித்துக்கொள்வார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவரோ எல்லைக்குப் போய்ச் சேர்ந்ததும் எழுதிய முதல் கடிதத்தில், ‘என் வீட்டைப் பற்றி எனக்குக் கவலை இல்லை, காவலுக்கு என்னைவிடக் கெட்டிக்காரி இருக்கிறாள் என்று இங்கே எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்’ என்று எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தின் மூலையில் வட்டம் போட்டு 1 என்று இருக்கும். மலைப் போஸ்டுகளிலிருந்து வரும் கடிதங்கள் முன்னும் பின்னுமாக வந்து சேரும் என்பதால் ஒவ்வொன்றுக்கும் எண் போட்டுத்தான் அனுப்புவார். கடைசிக் கடிதத்தின் எண் 1,106. எண்பத்தாறாவது மட்டும் வரவேயில்லை. அதில் என்ன எழுதினீர்கள் என்று பிற்பாடு எத்தனையோ தடவை கேட்டுவிட்டாள். “ஞாபகம் இல்லை. சாப்பிட்டேன், தூங்கினேன்னு எழுதியிருப்பேன்” என்றே சாதித்துவிட்டார்.

தோள்பட்டையில் கட்டையை அழுத்தி வைத்து, வாசல் கூரைக்குக் கீழே நின்றபடி மழைக்குள் குழலை நீட்டிச் சுட்டாள். எழுபத்துமூன்று வயதுத் தோள் அதிர்ந்து ஒரு அடி பின்னால் போனாள். வெடிச்சத்தம் காப்பித் தோட்டத்தைத் தாண்டி, வயலைத் தாண்டி, எதிர்மேட்டில் முட்டித் திரும்பி வந்தது. அப்புறம் மழைச் சத்தம் மட்டும்தான். கை தன்னையறியாமல் அடுத்த தோட்டாவுக்காக மடியைத் தடவியது.

எதிர்மேட்டில் உத்தய்யாவின் வீடு. மாச்சய்யாவின் கூடப்பிறந்த தம்பி. நடுவில் ஒரு துண்டு வயலும் ஒரு முள்கம்பி வேலியும்தான். அந்த வீட்டுக் கூரையில் புகை எழுந்தால் இங்கிருந்து தெரியும், அங்கே நாய் குரைத்தால் இங்கே கேட்கும். அண்ணனும் தம்பியும் பேசி முப்பத்துநாலு வருஷம் ஆகிறது.

நிலத்துக்காகச் சண்டை என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். நிலமெல்லாம் பிறகு வந்த சாக்கு. மாமனார் செத்தபோது மாச்சய்யா வடகிழக்கு எல்லையில், பனியில் இருந்தார். தந்தி கிடைத்து, லாரியும் ரயிலும் பஸ்ஸும் மாறி வாசலில் வந்து நின்றபோது ஆறு நாளாகிவிட்டது. டிரங்குப் பெட்டியைக் கீழே வைக்காமல் தம்பியைப் பார்த்து, “எத்தனை வெடி?” என்று கேட்டார். “ரெண்டு” என்றான் உத்தய்யா. “ரெண்டும் நீயா?” “வேற யாரு இருந்தாங்க?” “மூத்தவன் நான் ஒருத்தன் இருக்கேனேடா. ஒண்ணை எனக்குன்னு வச்சிருக்கக் கூடாதா? நான் வந்து சுட்டிருப்பேனே.”

மூன்று மாதம் அப்பாவுக்கு மலம் மூத்திரம் எடுத்து, கொள்ளி வைத்து, தூக்கம் இல்லாமல் கண் சிவந்து நின்ற உத்தய்யா அப்போது ஒன்று சொன்னான். “ஒரு வெடி மட்டும் சுட்டிருந்தா இந்த வீட்ல குழந்தை பொறந்திருக்குன்னுல ஊரு நெனச்சிருக்கும்!” துக்கத்துக்கு வந்திருந்தவர்களில் யாரோ சிரித்துவிட்டார்கள். யார் என்று இன்றுவரை தெரியாது. அந்தச் சிரிப்புதான் எல்லாவற்றையும் கெடுத்தது. மாச்சய்யா பெட்டியைக் கீழே வைத்தார். அதன் பிறகு தம்பியோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பாகம் பிரித்தபோது வெடிமருந்து கெட்டித்துச் சுடும் அப்பாவின் பழைய துப்பாக்கியைத் தம்பிக்கே கொடுத்துவிடச் சொன்னார். ரிட்டையராகி வந்ததும் முதல் வேலையாக வேலி போட்டார். கம்பி இழுப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. அந்த வேலியில் இன்றுவரை ஒரு இடத்தில்கூடக் கம்பி தொய்யவில்லை. படலோ வாசலோ வைக்கவும் இல்லை. பட்டாளம் முழுக்க ஒருவரோடொருவர் பேசுவதற்குக் கம்பி இழுத்த மனுஷன், சொந்தத் தம்பிக்கு இழுத்த கம்பி அது.

நடுவில் உத்தய்யாவின் மனைவி செத்தபோது இரண்டு வெடி கேட்டது. மாச்சய்யா உடனே எழுந்து, சவரம் செய்து, சட்டை மாற்றிக்கொண்டு, ரோட்டு வழியாக இரண்டு மைல் சுற்றிக்கொண்டு போனார். கூட்டத்தின் கடைசியில் நின்றுவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பி வந்தார். அன்று ராத்திரி சாப்பிடவில்லை. ஏன் என்று அவளும் கேட்கவில்லை.

வாசல் படியில் காலடிச் சத்தம் கேட்டது. முழங்கால்வரை சேறோடு, தலையில் கோணிச் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு பொள்ளவ்வா வந்தாள். இந்த மழையிலும் வாயெல்லாம் பல். கையில் அப்போதுதான் ஒடித்த ஒரு ஆமணக்குத் தண்டு.

“தேச்சக்கா! பையனா? பூனாவுல ஆமணக்குத் தண்டு எங்க கெடைக்கும்னு நானே ஒடிச்சிட்டு வந்துட்டேன். சுபேதாரண்ணன் எங்க? வில்லு கட்டச் சொல்லுங்க. ஒத்தைக் கையால கட்டட்டும், நான் பிடிச்சுக்கிறேன். போன் வேலை செய்யுதா உங்களுக்கு? எங்களுக்குச் செத்தே போச்சு, எப்படித் தெரிஞ்சுது சேதி...”

தேச்சம்மா நின்ற இடத்திலேயே நின்றாள். பொள்ளவ்வா அவள் தோளுக்கு மேலாக உள்ளே பார்த்தாள். தலைமாட்டில் எரியும் விளக்கைப் பார்த்தாள். ஆமணக்குத் தண்டு கையிலிருந்து விழுந்தது.

“அய்யோ அக்கா. நான் சிரிச்சுக்கிட்டே வந்தேனே.”

“உன் மேல என்ன தப்பு? ஒண்ணுதானே கேட்டுச்சு.”

இரண்டு பேரும் அழுதார்கள். இத்தனை நேரம் தனியாக அழுத அழுகை வேறு, இது வேறு. கொஞ்சம் தேறியதும் பொள்ளவ்வா மூக்கைச் சிந்திவிட்டு, “ரெண்டாவது?” என்று கேட்டாள். தேச்சம்மா டப்பாவைக் காட்டினாள்.

“எங்க வீட்ல துப்பாக்கி இருக்கு, தோட்டா இல்லை. மேல்வீட்ல கேட்டு வாங்கலாம்னா ஓடையத் தாண்டணும், பாலத்துக்கு மேல தண்ணி போகுது.” பொள்ளவ்வா எதிர்மேட்டைப் பார்த்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கினாள். “உத்தய்யண்ணன் வீட்ல மருந்து இருக்கும். பழைய துப்பாக்கிதான், ஆனா கைல்போதுக்குக் கைல்போது சுடுறாரு. போயிச் சுடச் சொல்லட்டுமா?”

தேச்சம்மா கட்டிலைப் பார்த்தாள். படுத்திருந்தவர் வாய் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் நன்றாக இருக்கும். ஐம்பத்தோரு வருஷக் குடித்தனத்தில் அந்த வேலி விஷயத்தில் மட்டும் அவள் வாய் திறந்ததில்லை. திறந்திருக்க வேண்டும். இப்போது தம்பியிடம் ஆள் அனுப்பினால் அவருக்குத் துரோகமா? அனுப்பாமல் ஒற்றை வெடியோடு அவரை அனுப்பி வைத்தால் அது மட்டும் மரியாதையா? இரண்டு வெடி வாங்கிக்கொண்டு போக வேண்டும் என்பதைத் தவிர அவர் அவளிடம் எதையும் கேட்டதில்லை.

“போ” என்றாள். “அவர் போயிட்டாருன்னு மட்டும் சொல்லு. சுடச் சொல்லாதே.”

“சொல்லாம எப்படிக்கா?”

“சுடணும்னு அவனுக்குத் தோணினாச் சுடட்டும். கேட்டு வாங்கின வெடி எங்களுக்கு வேண்டாம்.”

பொள்ளவ்வா சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, ரோட்டு வழியாகச் சுற்றாமல் பின்பக்கமாக வயலைப் பார்த்து ஓடினாள். வேலிக்கு அடியில் ஊர்ந்து அந்தப் பக்கம் போவதைத் தேச்சம்மா பின்வாசலிலிருந்து பார்த்தாள். அப்புறம் மழை மறைத்துவிட்டது.

மறுபடி தனியானாள். சும்மா உட்கார்ந்திருந்தால் காது எதிர்மேட்டுக்கே போகிறது. எழுந்து அடுப்பில் வெந்நீர் வைத்தாள். சவரக் கிண்ணத்தையும் பிரஷ்ஷையும் எடுத்து வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். சுபேதார் சவரம் செய்யாமல் யாரையும் பார்த்தது கிடையாது. விருந்தாளி வந்தாலும் சரி, வங்கியிலிருந்து ஆள் வந்தாலும் சரி, தாடையைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் வாசலுக்கு வருவார். கை விழுந்த பிறகு ஏழு மாதமாக அவள்தான் செய்துவிடுகிறாள். முதல் வாரம் மூன்று இடத்தில் வெட்டிவிட்டாள். “எழுபத்தொண்ணு சண்டையில பாகிஸ்தான்காரன் பண்ணாததை நீ பண்ணிருவே போலிருக்கே” என்று கோணிய வாயால் சிரித்தார். அந்தச் சண்டையில் பக்கத்தில் விழுந்த குண்டில் அவருடைய இடது காது போனது. அதனால் எப்போதும் அவருடைய வலது பக்கம்தான் அவள் படுப்பாள். ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றினால் சொல்ல வசதியாக. பாதி நாள் சொல்லத் தோன்றுவதற்குள் அவர் தூங்கிவிடுவார்.

நுரை பூசினாள். கன்னம் இன்னும் முழுக்கக் குளிரவில்லை. வருஷத்துக்கு இரண்டு மாதம் லீவில் வருகிற அப்பாவாகத்தான் பிள்ளைகளுக்கு அவரைத் தெரியும். ஆனாலும் அந்த இரண்டு மாதத்தில் அவர் அவர்களைக் குளிப்பாட்டுவார், நகம் வெட்டுவார், சட்டைப் பொத்தான் தைப்பார். நாணய்யா ஹாஸ்டலுக்குப் போனபோது பெட்டி மூடிக்குள் என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் ஒட்டிக் கொடுத்தார். கோவணம் நாலு என்று அதில் எழுதப்போய், மற்றப் பையன்கள் ஒரு வருஷம் அவனைக் கேலி செய்தார்கள். கங்காவின் கல்யாணத்தன்று, பன்றிக் கறி வெந்துவிட்டதா என்று பார்க்கிற சாக்கில் அடுப்புப் பக்கம் போய் நின்று அழுதுவிட்டு, புகை என்றார். இதெல்லாம் பிள்ளைகளுக்கு ஞாபகம் இருக்குமா? இருக்கும். ஆனால் அவர்கள் வந்து உட்கார்ந்து இவளிடம் சொல்வதற்கு வெகு நாளாகும். சொல்லிவிட்டுத் திரும்பிப் போயும் விடுவார்கள். அதற்கப்புறம் இந்த வீட்டில் மழை விட்டுச்சா என்று கேட்க ஆளில்லை.

வலது கன்னம் முடிந்தது. பிளேடை நீரில் அலசினாள். எதிர்மேட்டில் ஒன்றும் கேட்கவில்லை. பொள்ளவ்வா போய் எவ்வளவு நேரம் இருக்கும்? இந்நேரம் சொல்லியிருப்பாள். கேட்டுவிட்டு அவன் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டானோ? அப்படிச் சாத்தினாலும் குறை சொல்ல முடியாது. முப்பத்துநாலு வருஷம் இந்த வீட்டிலிருந்து ஒரு வாழைக்காய்கூட அந்த வீட்டுக்குப் போகவில்லை. அவனும் மனுஷன்தானே.

“நான்தான் ஆள் அனுப்பினேன்” என்று அவர் வலது காதில் சொன்னாள். “கோபம்னா அது என் மேலயே இருக்கட்டும்.”

மோவாய்க்குக் கீழே பிளேடை வைத்தபோது எதிர்மேட்டிலிருந்து வெடித்தது. தோட்டாத் துப்பாக்கியின் சுருக்கென்ற சத்தமில்லை. தொண்டை கட்டின கிழவன் இருமுகிற மாதிரி, கரகரவென்று, கனமான சத்தம். மாமனாரின் துப்பாக்கி. புதுப்பெண்ணாக இந்த வீட்டுப் படியேறிய அன்று அவளுக்காகச் சுட்ட அதே துப்பாக்கி. அவள் பிளேடை எடுத்துவிட்டாள். மலையில் முட்டி அந்தச் சத்தம் திரும்பி வந்து அடங்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள். மூன்றாவது ஒன்று வரவில்லை. ஊருக்கு இப்போது கணக்குச் சரியாகத் தெரிந்துவிட்டது. தூரத்தில் யாரோ கூவிக் கூப்பிட, இன்னொரு வீட்டிலிருந்து பதில் கேட்டது.

அவர் மார்பின் மேல் தலையை வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள். சோப்பு நுரை அவள் நெற்றியில் ஒட்டியது.

பின்பக்கம் யாரோ இருமினார்கள். விளக்கு தெரியும்படி கதவை விரியத் திறந்து வைத்துவிட்டுப் பின்வாசலில் இறங்கினாள். முப்பது அடி தள்ளி, வேலிக்கு அந்தப் பக்கம் உத்தய்யா நின்றுகொண்டிருந்தார். குடை இல்லை. பழைய கோட்டு நனைந்து தொங்கியது. கையில் அப்பாவின் துப்பாக்கி, குழல் தரையைப் பார்த்து. முடியெல்லாம் கொட்டி, கன்னம் ஒட்டி, அவர் இத்தனை கிழவராகியிருப்பார் என்று அவள் நினைக்கவில்லை. மூக்கும் தாடையும் மட்டும் அப்படியே உள்ளே படுத்திருப்பவருடையவை.

“அண்ணி” என்றார்.

“மொத வெடி கேட்டதுமே துப்பாக்கியக் கெட்டிச்சு எடுத்துக்கிட்டு வாசல்ல வந்து நின்னுட்டேன். ரெண்டாவது வரும் வரும்னு பாத்தேன். வரலை. கங்காவுக்குக் குழந்தையோன்னு நெனச்சேன். நானாச் சுடப் போயி, அவர் நல்லாயிருந்து வச்சா, அது வேற பாவம். கை மரத்துப்போற வரைக்கும் நின்னேன். பொள்ளவ்வா வந்து சொன்னா.” தாடையில் வழிந்த நீரைத் துடைத்தார். “அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது. ஒண்ணை எனக்குன்னு விட்டு வச்சிருக்காரு.”

தேச்சம்மாவுக்கு வாய்வரை வந்தது. டப்பா, கனடா, சுவரில் தொங்கும் வில். இல்லை உத்தய்யா, அது தீர்ந்துபோன தோட்டா, அவ்வளவுதான். அதோடு சேர்ந்து நவம்பர் மாதத்துச் சாயங்காலமும் வந்தது. இருக்கிற ஒண்ணு போதும் என்று செருப்பைக் கழற்றிக்கொண்டே அவர் சொன்னது. கடிதத்துக்குக்கூட எண் போட்ட மனுஷன். பிளேடு வாங்க மறக்கவில்லை, மூட்டுத் தைலம் வாங்க மறக்கவில்லை. நேராகக் கேட்டாலும் சொல்லியிருக்கமாட்டார். எண்பத்தாறாவது கடிதம் மாதிரிதான் இதுவும்.

“சவரம் பாதியில நிக்குது” என்றாள். “இடது பக்கம் எனக்கு வாட்டமா வராது. வந்து நீ பண்ணு.”

உத்தய்யா வேலியின் இரண்டு பக்கமும் பார்த்தார். வாசல் இல்லை என்பது அவருக்கும் தெரியும். அவள் சேற்றில் இறங்கிப் போய், அடிக்கம்பியை இரண்டு கையாலும் பிடித்து மேலே இழுத்தாள். கம்பி ஒரு சாண்கூட எழும்பவில்லை. மனுஷன் அப்படி இறுக்கியிருந்தார். உத்தய்யா முதலில் துப்பாக்கியை அடியில் நீட்டினார். ஒரு கையால் வாங்கித் தன் முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். மருந்து வாசனை அடித்தது. பிறகு அந்த எழுபத்தோரு வயது மனுஷன் சேற்றில் குப்புறப் படுத்து, முழங்கையை ஊன்றி ஊன்றி நகர்ந்து வந்தார். தலை வந்தது, தோள் வந்தது. நடு முதுகில் கோட்டு முள்ளில் மாட்டிக்கொண்டது.

“அசையாதே” என்றாள் அவள். வயலுக்கு அப்பால் வரப்பில் நான்கைந்து குடைகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. அவள் துப்பாக்கியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, குனிந்து, நனைந்த கம்பளி நூலை முள்ளிலிருந்து ஒவ்வொன்றாக எடுக்கத் தொடங்கினாள்.